மாப்பிள்ளையோடு போனால் பக்கம்

ஆஸ்திரேலியா எவ்வளவு தூரம்? எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன் மெல்போர்னிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்குக் கணினித் துறையில் வேலை. போட்டோ வந்தது, ஜாதகம் வந்தது, எட்டுப் பொருத்தம் இருந்தது. சித்தப்பா சொன்னார்: "இப்பல்லாம் ஆஸ்திரேலியா என்ன தூரம்? திருச்சியில ஏறி சிங்கப்பூர்ல மாறினா மறுநாள் போய் இறங்கிடலாம்." அந்த ஆள் எங்கே குடியிருக்கிறார், குடிப்பாரா, கைநீட்டுவாரா, எனக்கு அங்கே ஒன்று ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்ட பவுன் எங்களிடம் இல்லாததால் அந்த வரன் தட்டிப்போனது.

இந்த வருடம் நானே சொன்னேன். "ஒரு வருஷம் ஆஸ்திரேலியா போகப்போறேன். தனியா. அங்கங்க வேலை பாத்துக்கிட்டு சைக்கிள்ல சுத்திட்டு வரப்போறேன்." அதே சித்தப்பா, அதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "கண்காணாத தூரம்மா. ஒண்ணுன்னா யாரு ஓடி வர்றது?"

விமானம் மாறவில்லை, கடல் அகலமாகவில்லை. மாப்பிள்ளையோடு போனால் பக்கம், தனியாகப் போனால் தூரம். நம் குடும்பங்களில் பெண்ணின் பயணத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை. அவள் யாருக்காகப் போகிறாள் என்பதில் அளக்கிறார்கள். இந்த அளவுகோலை உடைக்க வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கனவு என்று தள்ளிவிடுவது எல்லாருக்கும் சுலபமாக இருக்கிறது. ஆனால் இதற்கு விசா எண்ணே உண்டு: 462. வேலையும் விடுமுறையும் சேர்ந்த 12 மாத விசா. 2024 அக்டோபர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 1000 இடங்கள்தான், அதனால் குலுக்கல். குலுக்கலில் பெயர் போட 25 ஆஸ்திரேலிய டாலர். பள்ளிக்குப் பிறகு இரண்டு ஆண்டாவது படித்திருக்க வேண்டும், ஆங்கிலம் தெரியும் என்று காட்ட வேண்டும், கையில் சுமார் 5000 டாலர் இருப்பதாக வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். நம் காசில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். வயது 18 முதல் 30 வரை. 31 பிறந்துவிட்டால் கதவு சாத்திவிடும். எனக்கு இப்போது 30. இதுதான் என் கடைசிக் குலுக்கல்.

இந்த விசாவில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஒரே இடத்தில் அடங்கி இராதே என்று ஓர் அரசாங்கம் ஒரு பெண்ணுக்கு எழுத்தில் கட்டளையிடுவதை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன்.

அந்த வயது வரம்பைக் கொஞ்சம் பாருங்கள். 18 முதல் 30 வரை இளமை, உலகத்தைப் பார்க்க வேண்டிய காலம் என்பது சட்டம் எழுதியவர்களின் எண்ணம். நம் வீடுகளில் அதே பன்னிரண்டு வருடங்களுக்கு வேறு பெயர்: வரன் பார்க்கும் காலம், பிள்ளை பெறும் காலம். என் அண்ணன் 27 வயதில் வேலையை விட்டுவிட்டு நண்பர்களோடு ஒரு மாதம் லடாக் போய் வந்தான். "பையன் அனுபவப்பட்டு வரட்டும்" என்றார்கள். நான் 24 வயதில் ஒரு வாரம் ஹம்பி போகக் கேட்டபோது, "கல்யாணத்துக்கு அப்புறம் அவரோட எங்க வேணா போ" என்றார்கள். முப்பது வருடமாக நமக்குச் சொல்லப்படும் அந்த "எங்க வேணா" வருவதற்குள், உலகத்தில் இருக்கும் இப்படிப்பட்ட கதவுகள் எல்லாம் வயது காட்டி மூடிக்கொள்கின்றன.

இனி சைக்கிள்.

நான் புதுக்கோட்டைக்காரி. 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது தோழிகளுக்குத் தெரிந்திருக்கும். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துவைத்தார். கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலைக்குப் போகும் பெண்கள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அப்போது அவளுக்கு 19 வயது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் மாமாவின் பார் வைத்த சைக்கிளில்தான் கற்றாள். பிறகு அந்த பாரில் சின்ன சீட் மாட்டி என்னை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பின் கேரியரில் குடம், முன்னால் நான்.

சிறுமியாக இருந்தபோது அம்மாவின் சைக்கிளைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. வளர்ந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த சைக்கிள் தண்ணீருக்குப் போயிருக்கிறது, ரேஷன் கடைக்குப் போயிருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறது. அம்மா சும்மா போனதே இல்லை. ஒரு நாள் கேட்டேன், "உனக்காக எங்கயாவது ஓட்டியிருக்கியாம்மா?" யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கத்துக்கிட்டப்ப ஒரு ராத்திரி. நெலா வெளிச்சத்துல கம்மாக்கரை வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன். உங்க தாத்தா முழிச்சிக்கிட்டு இருந்தாரு. அதோட சரி."

அம்மாவின் தலைமுறை சைக்கிளை வென்றது. அது சிறிய வெற்றியில்லை. கேலி பேசியவர்களைத் தாண்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வென்றார்கள். ஆனால் குடும்பம் அந்த வெற்றியைத் தன் வேலைக்காரியாக்கிக்கொண்டது. இரண்டு மைல் நடந்தவள் இப்போது சைக்கிளில் போகிறாள், மிஞ்சும் நேரத்தில் இன்னொரு குடம் எடுக்கிறாள். கல்லூரிக்கு அனுப்புகிறார்களா, நல்ல இடத்தில் வரன் கிடைக்கும். வேலைக்கு அனுப்புகிறார்களா, வீட்டுக் கடன் அடையும். பெண் நகர்வதற்கு எப்போதும் ஒரு காரணச் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டில் வேறொருவர் பெயர் இருக்க வேண்டும். அப்படி ஒரு சீட்டு என்னிடம் கிடையாது, எழுதித் தரவும் மாட்டேன். எனக்குப் போக வேண்டும், அதனால் போகிறேன். ஓர் ஆண் சொன்னால் போதுமானதாக இருக்கும் இந்தக் காரணம் என் வாயிலிருந்து வந்தாலும் போதுமானதாக வேண்டும்.

உடனே பாதுகாப்பு என்பார்கள். பேசுவோம். நான் அதைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

462 விசாவில் போகிறவர்கள் இரண்டாம் ஆண்டும் தங்க வேண்டுமென்றால், முதல் ஆண்டில் மூன்று மாதம் குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வேலைகளைச் செய்திருக்க வேண்டும். பெரும்பாலும் தோட்ட வேலை, பண்ணை வேலை, அல்லது தொலைதூர ஊர்களில் விடுதி வேலை. பிற நாட்டு இளைஞர்களுக்கான 417 விசாவிலும் இதே போன்ற விதி உண்டு. 2016 ஆகஸ்டில் குவீன்ஸ்லாந்தின் ஹோம் ஹில் என்னும் சிற்றூரில், இந்த நாள் கணக்கை முடிக்கப் போயிருந்த ஒரு பிரிட்டிஷ் இளம்பெண் கொல்லப்பட்டாள். தடுக்கப் போன ஓர் இளைஞனும் இறந்தான். அந்தப் பெண்ணின் தாய் ரோஸி அய்லிஃப், பண்ணை வேலைக்குப் போகும் இளைஞர்களின் நிலையைப் பற்றி அதன் பிறகு தொடர்ந்து குரல் கொடுத்தார். அந்தக் கொலை நடுக்காட்டுச் சாலையில் நடக்கவில்லை. அவள் தங்கியிருந்த விடுதிக்குள், உடன் தங்கியிருந்தவனால் நடந்தது.

நம் ஊரிலும் அப்படித்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கில், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் ஆண்டுதோறும் முதலிடத்தில் நிற்பது கணவரும் அவருடைய உறவினர்களும் இழைக்கும் கொடுமை. இதைப் படித்துவிட்டு யாரும் பெண்ணிடம், "வீட்டுக்குள்ள இருக்காத, ஆபத்து" என்று சொல்வதில்லை. ஆபத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், வரன் வந்தபோது சித்தப்பா பத்துக் கேள்வியாவது கேட்டிருப்பார்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்தேன். பழம் பறிக்கும் ஊர்களில் பல இடங்களில் ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் இருக்கிறார். வேலை அவர் தருவது, படுக்கை அவர் வாடகைக்கு விடுவது, தோட்டத்துக்குப் போகும் வேனும் அவருடையது. எதிர்த்துப் பேசினால் மறுநாள் வேனில் இடமிருக்காது. வேலை போனால் படுக்கையும் போகும். பேருந்து நிலையமோ எங்கோ இருக்கும். நியாயமான வேலைக்கான குறைதீர்ப்பு அமைப்பு அறுவடைப் பகுதிகளில் விசாரணை நடத்தி 2018இல் அறிக்கை கொடுத்தது. விசாரித்த முதலாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தொழிலாளர் சட்டத்தை மீறியிருந்தார்கள்.

படித்தபோது எனக்கு ஆஸ்திரேலியா நினைவுக்கு வரவில்லை. நம் மேற்கு மாவட்டத்து நூற்பாலைகள்தான் நினைவுக்கு வந்தன. சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வைத்து, மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, இளம்பெண்களை மில் வளாகத்து விடுதிகளில் அடைத்துவைத்த கதைதான். அங்கேயும் கூலி, படுக்கை, வேன் மூன்றும் ஒரே கையில். அங்கேயும் அடைத்துவைக்கச் சொன்ன காரணம் பாதுகாப்பு. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு வெளியே ஒரு சைக்கிள் நிறுத்தி வைத்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று யோசித்தேன்.

என் திட்டத்தில் சைக்கிள் இருப்பது இதனால்தான். சாகசத்துக்காகவும் போட்டோவுக்காகவும் அதை எடுத்துப் போகவில்லை. எந்த முதலாளியின் வேனையும் நம்பி இருக்காமல், ஒரு விடுதியில் ஒருவன் கதவைத் தட்டினால் மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட முடியும் என்பதற்காக எடுத்துப் போகிறேன். நினைத்த நேரத்தில் கிளம்ப முடிகிறவளிடம் பேசும் தொனியே வேறாக இருக்கும். கணவன் வீட்டுக்கும் இது பொருந்தும், மில்லுக்கும் பொருந்தும், தோட்டத்துக்கும் பொருந்தும்.

சைக்கிள் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது, அதுவும் தெரியும். அங்கே உள்நாட்டுச் சாலைகளில் 53 மீட்டர் நீளம் வரை லாரித் தொடர்கள் ஓடுகின்றன. அது பக்கத்தில் வரும்போது தார்ச்சாலையை விட்டு இறங்கி நின்றுவிட வேண்டும். சில சாலைகளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் கிடையாது. வடக்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம், வெள்ளம் வந்தால் சாலை மூடிவிடும். ஆகவே வரைபடத்தை மாதத்தோடு சேர்த்துப் படிக்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் முரே ஆற்றங்கரையில் மில்டுரா பக்கம் திராட்சை. குளிர் தொடங்கும்போது வடக்கே நகர்ந்து, வெயில் தணிந்த மாதங்களில் குவீன்ஸ்லாந்தின் போவன் பக்கம் தக்காளி, மிளகாய். நடுவில் இருக்கும் நெடுந்தூரங்களில் பாதியை ரயிலிலும் பேருந்திலும்தான் கடப்பேன். வீரம் காட்ட எனக்கு ஆசையில்லை.

சைக்கிள் பழையது, 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரும்புச் சட்டம், உடைந்தால் எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். பஞ்சர் ஒட்ட, செயின் மாற்ற, கம்பி இறுக்கிச் சக்கரத்தின் கோணல் எடுக்கக் கற்றுக்கொள்ள ஒரு கடைக்குப் போனேன். கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது கூட வந்திருந்த தம்பிக்கு. மூன்றாம் நாள் தம்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன், வேறு வழியில்லாமல் என்னிடம் பேசினார். இப்போது ட்யூப் மாற்ற எனக்கு எட்டு நிமிடம். ஞாயிறுகளில் திருச்சி வரை ஓட்டிப் பழகுகிறேன். கீரனூரில் டீக்கடையில் நிறுத்தினால் யாராவது ஒருவர் கேட்பார்: "கூட யாரும்மா வந்தது?" நான் சைக்கிளைக் காட்டுவேன்.

கப்பலோ விமானமோ ஏறுமுன் டயரில் ஒட்டிய மண்ணைக்கூடச் சுரண்டிக் கழுவ வேண்டும். வெளிநாட்டு மண் உள்ளே வருவதில் அவர்கள் அவ்வளவு கண்டிப்பு. கழுவிவிடுவேன்.

இன்னொரு எதிர்ப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. ஒரு கூட்டத்தில் நான் மதிக்கும் தோழர் ஒருவர் சொன்னார்: "டிகிரியும் அஞ்சாயிரம் டாலரும் இருக்கிறவங்க ஊர் சுத்துறது பெண்ணியமாம்மா? கூலிக்காரப் பெண்ணுக்கு இதுல என்ன இருக்கு?" கேள்வியில் பாதி உண்மை. படிப்பும் பணமும் கேட்கும் கதவு பெரும்பாலான பெண்களுக்குத் திறக்காது. அந்தக் கதவும் எல்லா நாட்டவருக்கும் ஒரே மாதிரி திறப்பதில்லை. 2024 ஜூலையிலிருந்து பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்கள் 35 வயது வரை, எந்தத் தோட்டத்திலும் வேலை செய்யாமலேயே, மூன்று ஆண்டு வரை அங்கே இருக்கலாம். இந்தியப் பெண் இரண்டாம் ஆண்டு கேட்டால் பழம் பறித்துக் காட்ட வேண்டும். யாருக்கு விடுமுறை, யாருக்கு வேலை என்பதை அந்த அரசும் தோல் நிறத்தை மறந்துவிட்டு முடிவு செய்துவிட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை. நாம் ஈட்டும் முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி. ஊர் திரும்பும்போது நம் பெயரில் சேர்ந்த ஓய்வூதிய நிதியை எடுத்தால் 65 விழுக்காடு பிடித்தம். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போகிறேன். அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதும் எண்ணம் எனக்கில்லை.

ஆனால் தோழரின் கேள்வியில் மறுபாதியை நான் ஏற்கவில்லை. நான் அங்கே செய்யப்போவது கூலி வேலை. என் பாட்டி நாற்று நட்டவள், களை பறித்தவள். வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்த ஆணுக்குக் கொடுத்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் அவளுக்குக் கூலி. அவள் மகளும் பேத்தியும் வயலில் இறங்கக் கூடாது என்பதற்காகவே எங்களைப் படிக்கவைத்தார்கள். அந்த அவமானம் சேற்றில் இல்லை, சாதியிலும் கூலியிலும் இருந்தது. இங்கே களை பறித்தால் கேவலம், அங்கே ஆப்பிள் பறித்தால் அனுபவம் என்று பேசும் நம் படித்த வர்க்கத்தின் பாசாங்கை நான் நடிக்கப்போவதில்லை. 2022 ஏப்ரல் 28 முதல் ஆஸ்திரேலியத் தோட்டங்களில், கூடைக் கணக்கில் பறிப்பவர்களுக்கும் மணிக்கணக்குக் குறைந்தபட்சக் கூலி தந்தாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. தொழிற்சங்கம் போராடிப் பெற்ற விதி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எழுதிய தாளை என் பாட்டியின் பேத்தி கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவாள். தந்தால் வாங்குவாள், தராவிட்டால் புகார் எழுதுவாள், பிறகு சைக்கிளை எடுப்பாள்.

ஏழைப் பெண்ணுக்குக் கிடைக்காத எதையும் எந்தப் பெண்ணும் கேட்கக் கூடாது என்றால், அம்மா சைக்கிள் கேட்டிருக்கவும் கூடாது. அன்றும் சொன்னார்கள்: சோற்றுக்கு இல்லாதவளுக்கு சைக்கிள் எதற்கு என்று. கல்லுடைக்கும் பெண்களே அதற்கு ஓட்டிக்காட்டிப் பதில் சொன்னார்கள்.

கடைசியாகப் பணம். திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு வருடமாகக் கணக்கு எழுதிச் சேர்த்தது இரண்டு லட்சத்துச் சொச்சம். மீதிக்கு என் பெயரில் இருக்கும் நான்கு பவுன் வளையலை விற்கலாம் என்று சொன்னேன். வீட்டில் வெடித்தது அப்போதுதான். ஊர் சுற்றப் போகிறேன் என்றபோதுகூட அவ்வளவு இல்லை. "அது உன் கல்யாணத்துக்குச் சேத்தது" என்றாள் அம்மா. என் பெயரில் இருக்கும் நகையை, முகம் தெரியாத ஒருவனுக்குத் தருவதற்கு நான் வைத்திருக்கலாம். நான் செலவழிக்கக் கூடாது. என் உடைமை என்பது நான் வேறொருவரிடம் போய்ச் சேரும்போது கூடப் போக வேண்டிய பொருள்.

அம்மா நான்கு நாள் பேசவில்லை. சீட்டுக் கட்டிச் சேர்த்த நகை, அவள் கோபம் எனக்குப் புரிகிறது. அவளை நான் எதிரியாக்கப் போவதில்லை. ஐந்தாம் நாள் நான் வாசலில் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தபோது வந்து உட்கார்ந்தாள். "இந்த டயரு அந்த ஊரு ரோட்டுக்குத் தாங்குமா?" என்றாள். பிறகு, "ராத்திரில ஓட்டாத" என்றாள். சம்மதம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வளையல் இன்னும் பீரோவில் இருக்கிறது, சாவி அவளிடம் இருக்கிறது. குலுக்கலில் பெயர் வந்தால் அந்தச் சாவியைக் கேட்பேன். வராமலும் போகலாம். ஆயிரத்தில் ஒருத்தியாக வருவது என் கையில் இல்லை.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியா போங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது என்று இன்று வீட்டில் தேடுங்கள். இல்லாவிட்டால் எடுங்கள். உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணோடு ஒரு வங்கிக் கணக்கு வையுங்கள். நகையின் ரசீது யாரிடம் என்று கேளுங்கள். சைக்கிளோ ஸ்கூட்டரோ, அதன் டயரை நீங்களே மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்காகவும் எதையும் வாங்கி வராமல் இருபது கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்புங்கள். எங்கே போனாய் என்று கேட்பார்கள். "சும்மா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்கு உங்கள் வீட்டில் எவ்வளவு சண்டை வருகிறதோ, அவ்வளவு வேலை நமக்கு மீதியிருக்கிறது.